கேட்டுக்கு உள்ளே ஒரு நியாயம், சிம்பாங்கில் ஒரு நியாயம்

கேள்வி: வணக்கம் அம்மா. எனக்கு 57 வயது. முப்பது வருசம் செம்பனைக் குலை வெட்டினவன். இப்போது சுங்கை சிப்புட்டில், தோட்டத்தை ஒட்டின தாமானில் (குடியிருப்பில்) இருக்கிறோம். புருசனிடம் அடி தாங்காமல் மகள் பிள்ளையோடு வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது. போன வாரம் ராத்திரி அவன் குடித்துவிட்டு மோட்டாரில் வந்து கேட்டை உதைத்தான். 'வீட்டோட கொளுத்திருவேன்' என்றான். நான் பாராங்கை (வெட்டுக்கத்தியை) எடுத்துக்கொண்டு சிம்பாங் (சந்தி) வரைக்கும் துரத்தினேன். மோட்டாரைப் போட்டுவிட்டு ஓடிப்போனான். மறுநாள் வாட்ஸ்அப்பில், 'இன்னொரு தடவ வந்தா உன் தல தோள்ல இருக்காது' என்று வாய்ஸ் அனுப்பினேன். பாராங் இப்போது கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறது. தற்காப்புக்கு வெட்டினால் கேஸே கிடையாது என்று ஒரு தமிழ் வீடியோவில் சொல்கிறார்கள். இங்கே மலேசியாவிலும் அப்படித்தானா?
– பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட்

பதில்: அண்ணே, அந்த வீடியோவில் சொன்னது பாதி சரி. அது இந்தியாவில் எடுத்ததாக இருக்கும். 1860-இல் அங்கே இயற்றின தண்டனைச் சட்டத்தின் வார்ப்புதான் நம்முடைய கானூன் கெசெக்சாஆனும். தற்காப்பு உரிமை இங்கே 96 முதல் 106 வரையுள்ள பிரிவுகளில் இருக்கிறது. உங்கள் உடம்பை மட்டுமல்ல, மகளையும் பேத்தியையும் காக்க உங்களுக்கு உரிமை உண்டு. அவன் முதலில் வெட்டட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. ஆபத்து வருகிறது என்ற நியாயமான பயம் வந்தாலே போதும். குடிபோதையில் வந்தான் என்பதால் உங்கள் உரிமை குறையாது. ஆள் குடியிருக்கிற வீட்டுக்குத் தீ வைக்க வருகிறவனைத் தடுக்கும்போது, வேறு வழியே இல்லாமல் அவன் உயிர் போனாலும் சட்டம் உங்கள் பக்கம் நிற்க இடம் இருக்கிறது.

இனி மீதிப் பாதி. நான் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக நின்று தலை நரைத்தவள், அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

பயம் இருக்கிற வரைக்கும்தான் அந்த உரிமை. 102-ஆம் பிரிவு சொல்வது இதைத்தான். அவன் கேட்டை உதைத்தபோது உங்கள் கையில் உரிமை இருந்தது. மோட்டாரைப் போட்டுவிட்டு ஓடினானே, அந்த நேரத்தில் அது போய்விட்டது. பாராங் மட்டும்தான் கையில் மிச்சம். சிம்பாங்கில் அவன் கால் தடுக்கி விழுந்திருந்தால், நீங்கள் ஒரு வீச்சு வீசியிருந்தால், அது தற்காப்பு ஆகாது. ஆயுதத்தால் காயப்படுத்தியதற்கு 324-இல் பத்து வருடம் வரை. காயம் கொடுங்காயமானால் 326-இல் இருபது வருடம் வரை. பாராங்கோடு ரோட்டில் நின்றதே 1958-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி தனிக் குற்றமாகலாம். காலையில் வேலைக்குப் போகிறவன் கையில் பாராங் இருந்தால் யாரும் கேட்கமாட்டார்கள். ராத்திரி பதினொரு மணிக்குக் கேட்பார்கள்.

ஒரு கேஸ் நினைவுக்கு வருகிறது. ஊர் பேர் வேண்டாம். அவரும் உங்களைப் போலத்தான், வம்பு தேடிப் போகாத மனிதர். வீடு தேடி வந்தவனை வெட்டினார். டாக்டர் வந்து காயங்களை ஒவ்வொன்றாகச் சொன்னார்: முன்பக்கம் தோளில் ஒன்று, முதுகில் இரண்டு. முதல் காயத்தைப் பற்றி யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. மற்ற இரண்டிலேயே அரை நாள் போனது. 'எழுந்து வந்துருவானோன்னு பயந்தேன்' என்றார் இவர். பயந்தது பொய் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அந்த இரண்டு வெட்டுக்கும் நடுவே இவர் வாயிலிருந்து வந்த கெட்ட வார்த்தையைப் பக்கத்து வீட்டு அம்மா கேட்டிருந்தார். கேட்டதை அப்படியே சொன்னார், நான்தான் அதை மலாயில் சொன்னேன். கேஸ் கொலையில் முடியவில்லை, விடுதலையிலும் முடியவில்லை.

கோபப்படுவது குற்றமில்லை அண்ணே. மகளை அடித்தவன் வாசலில் நின்று கத்தும்போது கோபம் வராதவரை நான் பார்த்ததில்லை, நீதிபதியும் பார்த்திருக்கமாட்டார். கோபமும் பயமும் ஒரே நெஞ்சில்தான் இருக்கும். ஆனால் கோர்ட்டுக்கு நெஞ்சு தெரியாது. முன்னாடி என்ன பேசினீர்கள், எவ்வளவு தூரம் போனீர்கள், எத்தனை வெட்டு, எந்தப் பக்கம், இவ்வளவுதான் தெரியும். தற்காப்பு என்று சொல்கிறவர்தான் அதைக் காட்டவும் வேண்டும் என்கிறது சாட்சியச் சட்டம்.

இப்போது அந்த வாய்ஸ். நம் தமிழில் கொல்லாத நாள் உண்டா? ஸ்கூல் பஸ்ஸுக்குக் கிளம்பாத பையனை 'கொன்னுருவேன்' என்று சொல்லாத அம்மா எந்த லயத்தில் இருந்தாள்? ஆனால் கூண்டுக்குப் பக்கத்தில் நின்று நான் அதை 'சாயா ஆக்கான் புனோ டியா' (நான் அவனைக் கொல்வேன்) என்றுதான் சொல்ல முடியும். 'இது சும்மா வாய்ப்பேச்சு துவான் (ஐயா)' என்று கூடச் சேர்க்க எனக்கு அதிகாரம் இல்லை. அதிலும் நீங்கள் அனுப்பியது வெறும் 'கொன்னுருவேன்' கூட இல்லை. தலை, தோள் என்று இடம் சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். நாளைக்கு அவன் உண்மையாகவே பெட்ரோல் போத்தலோடு வந்து, நீங்கள் உண்மையாகவே பயந்து வெட்டினாலும், முதலில் ஒலிக்கப்போவது அந்த வாய்ஸ்தான். 'சொன்னான், காத்திருந்தான், செய்தான்' என்று கதை கோர்த்துவிடுவார்கள். கதவுக்குப் பின்னால் பாராங் ஒரு வாரமாகச் சாய்ந்திருப்பது அந்தக் கதைக்கு வாகாகப் பொருந்தும். இன்னொன்று, உயிருக்கு மிரட்டல் விடுவதே 506-இல் ஏழு வருடம் வரை போகிற குற்றம். கொளுத்துவேன் என்ற அவனுக்கும் அதுதான், தலை இருக்காது என்ற உங்களுக்கும் அதுதான்.

பலர் குழப்பிக்கொள்கிற இடம் ஒன்று இருக்கிறது. 'ஆத்திரத்துல வெட்டிட்டேன்' என்று சொன்னால் கோர்ட் இரங்கும் என்று நினைக்கிறார்கள். அது தற்காப்பு வாதமே இல்லை. ஆத்திரமூட்டல் என்ற வேறு வாதம். திடீரென்று, கடுமையாகத் தூண்டப்பட்டு நிதானம் இழந்தால் கொலை என்பது அதற்குக் கீழான குற்றமாக இறங்கும், அவ்வளவே. அப்படி இறங்கின பிறகும் 304-இல் முப்பது வருடம் வரை இருக்கிறது. தற்காப்பு நிரூபணமானால்தான் வீட்டுக்குப் போகலாம். ஒரு மாதமாகப் புழுங்கிக்கொண்டிருந்த கோபத்தைத் 'திடீர்' என்று சொல்வதும் கஷ்டம். இதை நான் பொய் சொல்லக் கற்றுக்கொடுப்பதற்காக எழுதவில்லை. அப்படி ஏதாவது நடந்து பிடித்துக்கொண்டு போனால், வாக்குமூலத்துக்கு முன் லாயரைக் கேளுங்கள், அது உங்கள் உரிமை. காசு இல்லை என்றால் ஒய்பிஜிகே என்ற தேசிய சட்ட உதவி அறக்கட்டளை இருக்கிறது.

கடிதத்தில் நான் தேடிப் பார்த்தும் கிடைக்காதது ஒரு வரி: ரிப்போர்ட் போட்டேன் என்பது. போலீசிடம் போக நேரம் இருந்தால் தற்காப்பு உரிமை இல்லை என்கிறது 99-ஆம் பிரிவு. கேட்டை உதைக்கிற நிமிடத்தில் உங்களுக்கு நேரமில்லைதான். ஆனால் அதற்குப் பிறகு ஒரு வாரம் இருந்ததே? கோயில் தலைவரை வைத்துப் பேசி முடிப்போம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். பேசுங்கள், ரிப்போர்ட்டுக்குப் பிறகு பேசுங்கள்.

ரிப்போர்ட்டை மகள் பேரில் ஒன்று, உங்கள் பேரில் ஒன்று என்று போடுங்கள். மகள் விஷயம் குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் வரும். 2018 முதல் சமூக நல அதிகாரியே ஏழு நாளைக்கு அவசரப் பாதுகாப்பு ஆணை கொடுக்கலாம். அதற்கு கோர்ட் திறக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. போலீஸ் விசாரணை நடக்கும்போது மாஜிஸ்திரேட்டிடம் இடைக்காலப் பாதுகாப்பு ஆணையும் கேட்கலாம். எங்கே தொடங்குவது என்று மகளுக்குத் தெரியாவிட்டால் தாலியான் காசே என்ற உதவி எண் 15999-க்கு அடிக்கச் சொல்லுங்கள். வீட்டை நெருங்கக்கூடாது என்று ஆணை வாங்கின பிறகும் அவன் வந்தால், அவன் வருவதே குற்றமாகிவிடும். நீங்கள் எதுவும் நிரூபிக்கத் தேவையில்லை, 999-ஐ அழைத்தால் போதும். கேட்டைத் திறக்காதீர்கள். வெளியே போகாதீர்கள்.

அந்த வாய்ஸை அழிக்காதீர்கள். அவன் போனில் அது இருக்கத்தான் போகிறது, அழித்தது இன்னும் அசிங்கமாகத் தெரியும். இனி எதுவும் அனுப்பாமல் இருந்தால் போதும். துரத்தினதையும் ரிப்போர்ட்டில் நீங்களே சொல்லிவிடுங்கள். அதற்கு முன் ஒரு லாயரிடம் காட்டிவிட்டுப் போனால் நல்லது. பாராங்கைப் பின்னால் கொட்டகையில் மற்ற சாமான்களோடு வையுங்கள்.

பாலாயில், அதாவது போலீஸ் ஸ்டேஷனில், ரிப்போர்ட்டை மலாயில்தான் எழுதுவார்கள். உங்களுக்கு மலாய் பேச வரும், தெரியும். இருந்தாலும் எழுதினதைத் திருப்பி வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். 'கொளுத்திருவேன்' என்று அவன் சொன்னது 'மாரா' (கோபம்) என்று மட்டும் எழுதப்பட்டிருந்தால், 'பாக்கார்' (கொளுத்துவது) என்று திருத்தச் சொல்லிவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள். நகல் ஒன்று மகளிடம் இருக்கட்டும்.