கேள்வி – பதில்: தசமபாகம் சரி, சேமநிதி எங்கே?

கேள்வி: பட்டர்வொர்த்தில் ஒரு வாகன உதிரிப்பாகக் கடையில் வேலை செய்கிறேன். என் முதலாளி எங்கள் சபையின் மூப்பர். வெள்ளிதோறும் உபவாசம், மாதம் ஒருமுறை முழு இரவு ஜெபம், வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் காணிக்கையாகக் கொடுக்கும் தசமபாகம் என எதிலும் குறை வைக்கமாட்டார். சபைக் கட்டடத்தின் கூரைக்கு அவர் கொடுத்த தொகை வாசலில் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் 8 மாதங்களாக எங்கள் சம்பளத்தில் ஓய்வுக்காலச் சேமநிதிக்கென்று பிடித்த பணத்தை அவர் கட்டவில்லை. கைப்பேசியில் என் கணக்கைத் திறந்து பார்த்துத் தெரிந்துகொண்டேன். அதே மனிதர் ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று, கர்த்தர் தம் தொழிலை ஆசீர்வதித்தார் என்று சாட்சி சொல்கிறார். இந்த மாய்மாலத்தைச் சகிக்க முடியாமல் 3 மாதங்களாக நான் ஆராதனைக்குப் போகவில்லை. வீட்டிலேயே பிரசங்கம் கேட்டு ஜெபிக்கிறேன். நானாவது உண்மையாக இருக்கிறேன். கர்த்தர் இருதயத்தைத்தானே பார்க்கிறார்? அம்மா ஏற்க மறுக்கிறார்.
– பெயர் வேண்டாம், பட்டர்வொர்த்

பதில்: சகோதரரே, முதலில் உங்கள் முதலாளியின் கணக்கைப் பார்த்துவிடுவோம், அது எளிது. உங்கள் சம்பளம் 2,000 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால், உங்கள் பங்கான 11 சதவீதம் 220 ரிங்கிட், முதலாளி தம் பையிலிருந்து சேர்க்கவேண்டிய 13 சதவீதம் 260 ரிங்கிட். ஆக, மாதம் 480; 8 மாதத்துக்கு 3,840. கடையில் ஒருவரல்ல, பலர் வேலை செய்கிறீர்கள். இதில் உங்கள் 220 ரிங்கிட் அவருடைய பணமே அல்ல, உங்கள் கூலி. அதைப் பிடித்துக்கொண்டு கட்டாமல் விடுவது சட்டப்படி குற்றம், வேதத்தின்படியும் குற்றம். வயலை அறுத்த வேலைக்காரரின் கூலி பிடித்துவைக்கப்பட்டுக் கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு தம் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் எழுதுகிறார். தோட்டக் கூலிகளை மேய்த்த கங்காணியின் பேரேட்டிலும் தோட்டக் கடையின் பற்றுக் கணக்கிலும் கூலியைத் தொலைத்த பாட்டன்களின் பேரப்பிள்ளைகளுக்கு அந்த வசனத்துக்கு விளக்கவுரை தேவையில்லை.

10 சதவீதம் பிசகாத மனிதரிடம் 11-உம் 13-உம் எப்படிப் பிசகுகின்றன என்பதுதான் யோசிக்கவேண்டிய விஷயம். மத்தேயு 23-ஆம் அதிகாரத்தில் இயேசு கடிந்துகொள்ளும் பரிசேயரை, அதாவது நியாயப்பிரமாணத்தைக் கண்டிப்பாகக் கைக்கொண்ட யூதப் பிரிவினரை, நாம் திருடர்களாகக் கற்பனை செய்துகொள்கிறோம். அவர்களோ சமையலறை டப்பாவிலிருந்த ஒற்தலாம் என்னும் புதினாவையும் வெந்தயத்தையும் சீரகத்தையும்கூட எண்ணித் தசமபாகம் கொடுத்தவர்கள். நம் மொழிபெயர்ப்பில் வெந்தயம் என்றிருப்பது மூலத்தில் வேறொரு விதை. ஆனால் நம் வீட்டு அஞ்சறைப் பெட்டிக்கு அதைவிடப் பொருத்தமான சொல் கிடைத்திருக்காது. விதைகளை எண்ணிய அதே விரல்கள்தான் நீதியையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும் கீழே விட்டன. அந்தக் கணக்கில் பொய் இருக்கவில்லை. சின்னக் கணக்கு சரியாக இருந்ததாலேயே பெரிய கணக்கைப் பார்க்கும் அவசியம் அவர்களுக்குத் தோன்றவில்லை.

ஆகவே, ஞாயிற்றுக்கிழமை அவர் விடும் கண்ணீர் பொய் என்று நான் சொல்லமாட்டேன். நம் பழைய மொழிபெயர்ப்பு 'மாயக்காரர்' என்று சொல்லும் இடத்தில் கத்தோலிக்கச் சகோதரர்கள் வாசிக்கும் பொது மொழிபெயர்ப்பு 'வெளிவேடக்காரர்' என்கிறது. கிரேக்க மூலச் சொல்லுக்கு மேடை நடிகன் என்பதே பொருள் என்பதால் இரண்டாவதே நேர்ப்பொருளுக்கு அருகில் நிற்கிறது. ஆயினும் எனக்குப் பழைய சொல்லே பிடிக்கிறது. வேடம் கட்டியவனுக்குத் தான் ராஜா அல்ல என்பது தெரியும்; கூத்து முடிந்ததும் கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுவான். மாயம் செய்கிறவனோ பல சமயம் தன் மாயத்தில் தானே சிக்கிக்கொள்கிறான். உங்கள் முதலாளி மனமுருகி ஜெபிக்கிறார் என்பதும், அந்த உருக்கத்தில் திங்கட்கிழமை காலைக் கணக்கை மறந்துபோகிறார் என்பதும் ஒரே வேளையில் உண்மையாக இருக்க முடியும்.

வாசலில் இருக்கும் கல்லைப் பற்றி ஒரு வார்த்தை. தர்மம் செய்யும்போது தாரை ஊதுகிறவர்களைப் பற்றி, 'அவர்கள் தங்கள் பலனை அடைந்து தீர்ந்தது' என்கிறார் இயேசு. அங்கே வரும் கிரேக்கச் சொல் அக்காலத்து வியாபாரிகள் 'முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்' என்று ரசீதில் எழுதிய சொல். கல்லில் பெயர் வந்துவிட்டது, ரசீது கிழித்தாயிற்று. வரவேண்டிய பாக்கி எதுவுமில்லை. (இந்த இதழின் கடைசிப் பக்கத்திலும் நன்கொடையாளர் பெயர்களை அச்சிடுகிறோம். அதைப் பற்றி ஒரு வாசகர் கேட்டால் என்னிடம் சுலபமான பதில் இல்லை.)

இனி உங்களிடம் வருகிறேன். 'கர்த்தர் இருதயத்தைத்தானே பார்க்கிறார்' என்று எழுதியிருக்கிறீர்கள். சபைக்குப் போகாத ஒவ்வொருவரும் எனக்கு எழுதும் வசனம் இது; ஆறுதல் வசனம் என்று நினைத்தே எழுதுகிறார்கள். அது எந்த இடத்தில் சொல்லப்பட்டது என்பதைப் பாருங்கள். ஈசாயின் மூத்த மகன் எலியாபின் உயரத்தையும் முகத்தையும் கண்டு, இவன்தான் அபிஷேகத்துக்குரியவன் என்று சாமுவேல் நினைத்த நேரத்தில், 'நான் இவனைப் புறக்கணித்தேன்' என்ற தீர்ப்போடு சேர்ந்து வந்த வார்த்தை அது. இருதயம் பார்க்கப்பட்டதால்தான் எலியாப் தள்ளப்பட்டான். அதோடு, இருதயமே எல்லாவற்றைப்பார்க்கிலும் திருக்குள்ளது, அதாவது வஞ்சகமானது, என்று எரேமியா சொல்வதையும் சேர்த்துப் படித்தால், கர்த்தர் என் இருதயத்தைப் பார்க்கிறார் என்று சொல்வதற்கு முன் கொஞ்சம் நடுங்கத்தான் வேண்டும். உங்கள் முதலாளியிடம் கேட்டாலும் இதே வசனத்தைத்தான் சொல்வார் என்பதை மறந்துவிடாதீர்கள்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். 'நான் அவரிடம் கேட்டேன்' என்ற ஒரு வாக்கியத்தைத் தேடினேன், கிடைக்கவில்லை. வாரத்தில் 6 நாள் கடையில் அவரை 'முதலாளி' என்று அழைத்து, அவர் சொன்ன வேலையைச் செய்து, முகத்தில் ஒன்றும் காட்டாமல் வீடு திரும்புகிறீர்கள். ஏழாம் நாள் மட்டும் அவர் இருக்கும் இடத்துக்குப் போக உங்கள் மனச்சாட்சி இடம் தரவில்லை. வேலை போய்விடுமோ என்ற பயம் எனக்குப் புரிகிறது. வாடகையும் லோரி லைசென்ஸும் பள்ளிக் கட்டணமும் இருக்கிற வீட்டில் அந்தப் பயம் பாவமாகாது. ஆனால் பயத்தால் வந்த மௌனத்துக்குப் பரிசுத்தம் என்று பெயர் வைத்து, 'நானாவது உண்மையாக இருக்கிறேன்' என்று எழுதுகிறீர்களே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது. தேவாலயத்தில் நின்ற பரிசேயன், பக்கத்தில் நின்ற வரி வசூலிப்பவனைக் காட்டி, 'இந்த ஆயக்காரனைப்போல நான் இராததனால் உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்' என்றான். 'இந்தப் பரிசேயனைப்போல நான் இராததனால்' என்று நீங்கள் ஜெபிக்கிறீர்கள். ஆட்கள் இடம் மாறியிருக்கிறார்கள், ஜெபம் அதேதான். துரும்பையும் உத்திரத்தையும் பற்றிய உவமையில் 'மாயக்காரனே' என்று இயேசு அழைப்பது யாரை? பிறன் கண்ணிலிருப்பதைச் சரியாகவே கண்டுபிடித்தவனை.

பரிசேயரை விடுங்கள், பேதுருவை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தியோகியாவில் புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் பயந்து விலகிக்கொண்டார். மற்ற யூதரும் அவருடனேகூட மாயம்பண்ணினார்கள் என்று கலாத்தியர் நிருபம் சொல்கிறது. பவுல் என்ன செய்தார்? அந்தியோகியா சபையை விட்டு வெளியேறித் தனியாக ஜெபித்தாரா? எல்லாருக்கும் முன்பாக, முகமுகமாய் எதிர்த்தார். அப்போஸ்தலருக்குள்ளேயே மாய்மாலம் இருந்தது என்று எழுதி வைத்திருக்கும் ஒரு மதத்தில், மாய்மாலம் இல்லாத சபையைத் தேடி நீங்கள் போக இடமில்லை. வீட்டுக் கூடத்தில் தனியாக உட்கார்ந்தாலும் அங்கே நீங்கள் இருப்பீர்களே. சபை கூடிவருதலை விட்டுவிடக் கூடாது என்று எபிரெயர் நிருபத்திலிருந்து உங்கள் அம்மா வசனம் சொல்லியிருப்பார். நான் அதைத் திரும்பச் சொல்லப்போவதில்லை.

மத்தேயு 18-இல் வழி தெளிவாக இருக்கிறது: முதலில் தனித்திருக்கையில் அவனுக்கு உணர்த்து, கேளாவிட்டால் இரண்டொருவரோடு போ, அதற்கும் கேளாவிட்டால் சபைக்குச் சொல். கைப்பேசியிலுள்ள சேமநிதிக் கணக்கை அச்சிட்டு, உங்கள் சம்பளச் சீட்டுகளையும் சேர்த்து எடுத்துக்கொண்டு, கடை மூடும் நேரத்தில் அவரிடம் போங்கள். வசனம் எதுவும் சொல்லவேண்டாம். எண்களை மட்டும் காட்டுங்கள். ஆயக்காரர் தலைவனான சகேயு மனந்திரும்பியதும் எண்களில்தான். அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துவதாக அவன் சொன்ன பிறகே, 'இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது' என்றார் இயேசு. சகேயு அழுததாக லூக்கா எழுதவில்லை.

அவர் மறுத்தால் சேமநிதி வாரியத்தில் புகார் செய்யுங்கள். உடனே யாராவது கொரிந்தியர் நிருபத்தைத் திறந்து, சகோதரன் மேல் சகோதரன் வழக்குத் தொடுக்கலாமா என்று கேட்பார்கள். அந்த அதிகாரத்தை அநியாயம் செய்தவன் வாசிக்காமல் அநியாயம் பட்டவனுக்கு வாசித்துக் காட்டுவது நம் சபைகளில் பழகிப்போன வழக்கம். 'நீங்களே அநியாயஞ்செய்கிறீர்கள், சகோதரருக்கும் அப்படிச் செய்கிறீர்கள்' என்று அடுத்த வசனத்திலேயே பவுல் எழுதியிருக்கிறார். அதையும் வாசிக்கச் சொல்லுங்கள். உங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. பக்கத்து மேசையில் வேலை செய்யும், சபைக்கே வராத, ஒருவேளை கோவிலுக்குப் போகிற உங்கள் சக ஊழியரின் 220 ரிங்கிட்டை விட்டுக்கொடுக்க உங்களுக்கு உரிமையில்லை. கிறிஸ்துவைப் பற்றி அவர் அறிந்ததெல்லாம் உங்கள் முதலாளியும் நீங்களும்தான்.

பணம் வந்தாலும் வராவிட்டாலும் இந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போங்கள். அவர் சாட்சி சொல்ல எழுந்தால் உட்கார்ந்து கேளுங்கள். 'ஆமென்' சொல்லவேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

நம் இதழ் உங்கள் சபை மேசையிலும் கிடக்கும் என்பதால் அடையாளம் தரக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறேன். இதைப் படித்து யாராவது தம்மைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்தால், ஒரு மாதத்துக்குரிய சேமநிதியை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டவேண்டும். தாமதமான மாதங்களுக்கு அபராதத்தோடு கட்டலாம்.