சூடானதும் இறங்கும் முள்: புதுப்பித்த கியர்பாக்ஸை மறுபடியும் இறக்க வேண்டுமா?

கேள்வி: டொரண்டோவில் வசிக்கிறேன். என்னுடையது 2004ஆம் ஆண்டு செவ்ரோலே சில்வராடோ 1500, 5.3 லிட்டர் எஞ்சின், 4எல்60ஈ ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். மூன்று மாதங்களுக்கு முன் கியர்பாக்ஸை முழுவதும் பிரித்துப் புதுப்பித்தார்கள். காலையில் எடுக்கும்போது ஒரு குறையும் இல்லை. அரை மணி நேரம் ஓடியபின் டிரைவில் போட்டாலும் ரிவர்ஸில் போட்டாலும் இரண்டு மூன்று விநாடி கழித்தே வண்டி பிடிக்கிறது. இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாறும்போது எஞ்சின் மட்டும் உறுமுகிறது. கியர்பாக்ஸின் ஆயில் அழுத்தத்தைக் காட்டும் கேஜை மாட்டி ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை அழுத்தாமல் எஞ்சின் ஓடும் நிலையில்) பார்த்தேன்: குளிர்ந்த நிலையில் 60 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தின் அலகு), சூட்டில் 42. எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை. கியர்பாக்ஸுக்குள் இருக்கும் ஆயில் பம்ப் போய்விட்டது, வண்டியிலிருந்து கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும் என்கிறார்கள். இறக்கலாமா?

பதில்: இப்போதைக்கு இறக்க வேண்டாம். பம்ப் போயிருக்கலாம், ஆனால் நீங்கள் ஐடிலில் மட்டும் எடுத்த அளவுகளை வைத்து அதை யாரும் தீர்மானிக்க முடியாது. 42 என்பது குறைவு என்பதில் சந்தேகமில்லை. அது ஏன் குறைந்தது என்பதை அந்த எண் சொல்லாது. வேறு வேறு நிலைகளில் எடுத்த அளவுகளை அருகருகே வைத்தால்தான் காரணம் பிடிபடும்.

முதலில் உங்கள் கடிதத்திலேயே இருக்கும் ஒரு தடயம். டிரைவ், ரிவர்ஸ் இரண்டுமே தாமதமாகப் பிடிக்கின்றன. இந்தக் கியர்பாக்ஸில் ஆயில் அழுத்தத்தால் பிடிக்கும் கிளட்ச்களில், முன்னே போக ஒரு தொகுதி, பின்னே போக வேறு தொகுதி. டிரைவில் மட்டும் தாமதம் என்றால் முன்னோக்கு கிளட்ச்சுக்குப் போகும் வழியில் ஆயில் கசிகிறது என்பேன். டர்பைன் ஷாஃப்டில் (எஞ்சினின் விசையைக் கியர்பாக்ஸுக்குள் கொண்டுவரும் தண்டில்) ஏற்றும் டெஃப்லான் வளையங்களைப் பொருத்தியபின் சரியான அளவுக்கு அமுக்கி விடாமல் உள்ளே தள்ளினால் அவை அறுபடும்; புதுப்பித்த கியர்பாக்ஸ்களில் இது பழக்கமான தவறு. உங்களுக்கு இரண்டு பக்கமும் தாமதம் என்பதால் சந்தேகம் பொதுவான பாதையின் மேல் விழுகிறது: ஆயில் அளவு, உறிஞ்சும் வழி, பம்ப், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு, அந்த வால்வுக்கு ஆணையிடும் சொலினாய்டு என்ற மின்காந்த வால்வு.

ஆயிலிலிருந்து தொடங்குங்கள். வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும், ஆயில் நன்றாகச் சூடாகியிருக்க வேண்டும், எஞ்சின் ஐடிலில் ஓட, கியர் பார்க்கில் இருக்க டிப்ஸ்டிக்கை எடுங்கள். அளவை மட்டும் பார்த்துவிட்டுத் துடைக்காதீர்கள். நுனியில் நுண்ணிய குமிழிகள் ஒட்டியிருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் பாருங்கள். ஆயில் குறைந்தாலும் நுரைக்கும், மிகுந்தாலும் நுரைக்கும். அளவு சரியாக இருந்தும் நுரைத்தால் எங்கோ காற்றை உறிஞ்சுகிறது. கேஜின் முள்ளும் இதையே சொல்லும்: காற்று கலந்தால் முள் நடுங்கும்; உள்கசிவு என்றால் நடுங்காமல் தாழ்ந்தே நிற்கும்.

அடுத்தது, செலவே இல்லாத சோதனை. நான் மிகவும் நம்புவதும் இதைத்தான். இந்தக் கியர்பாக்ஸில் அழுத்தக் கட்டுப்பாட்டு சொலினாய்டுக்கு மின்னோட்டம் கூடக்கூட அழுத்தம் குறையும். எஞ்சின் நிமிடத்துக்கு 1500 சுற்றில் ஓடும்போது, ஏறத்தாழ 1 ஆம்பியரில் 55 முதல் 65 பி.எஸ்.ஐ., 0.5 ஆம்பியரில் 140 முதல் 160, மின்னோட்டம் அறவே இல்லாதபோது 170 முதல் 190 வர வேண்டும். அதாவது இணைப்பைக் கழற்றினால் அழுத்தம் உச்சத்துக்குப் போக வேண்டும்.

எஞ்சினை நிறுத்துங்கள். கியர்பாக்ஸின் வலப்பக்கம் பின்புறத்தில் இருக்கும் பெரிய வட்டக் கனெக்டரைக் கழற்றுங்கள். சைலன்சர் குழாய் பக்கத்திலேயே இருப்பதால் கையுறை அவசியம். கேஜ் 300 பி.எஸ்.ஐ. வரை காட்டக்கூடியதாக இருக்கட்டும். ரிவர்ஸில் 200க்கும் மேலே ஏறும். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி எஞ்சினை ஓடவிடுங்கள். பார்க்கில் 1500 சுற்றில் ஓர் அளவு. பிறகு ஐடிலில் பார்க், ரிவர்ஸ், நியூட்ரல், டிரைவ் என்று ஒவ்வொன்றிலும் ஓர் அளவு. கியர் விழும்போது பலமாக இடிக்கும், பயப்பட வேண்டாம். இந்த நிலையில் வண்டியைச் சாலைக்கு மட்டும் எடுக்காதீர்கள். முடிந்ததும் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கனெக்டரை மாட்டி, பதிவான பிழைக்குறிகளை ஸ்கேனரில் அழித்துவிடுங்கள்.

ஆயில் சூடாக இருக்கும்போதும் 1500 சுற்றில் எடுத்த அளவு 170ஐத் தாண்டினால் பம்ப் குற்றவாளி இல்லை. அப்போது ஆணையிடும் பக்கத்தை, அதாவது சொலினாய்டையும் அதை இயக்கும் வண்டியின் கணினியையும் பாருங்கள். சொலினாய்டின் மின்தடை 20 டிகிரி செல்சியஸில் 3.5 முதல் 4.6 ஓம் இருக்க வேண்டும். காற்றின் அளவைக் கணிக்கும் சென்சார் அழுக்கேறி, எஞ்சினின் சுமையைக் குறைத்துச் சொன்னால், கணினி அதை நம்பிக் குறைந்த அழுத்தத்தையே கேட்கும். விளக்கு எரியாமலே கிளட்ச்கள் கருகும்.

நியூட்ரலில் நன்றாக இருந்து டிரைவில் மட்டும் சரிந்தால், முன்னே சொன்ன வளையக் கசிவு. அதற்கு இறக்கித்தான் ஆக வேண்டும். எல்லா நிலைகளிலும் தாழ்வாகவே நின்றால் பம்பும் சந்தேகப் பட்டியலில் வரும். ஆனாலும் அதற்கு முன் கீழிருந்தே எட்டக்கூடிய இரண்டு இடங்கள் மிச்சமிருக்கின்றன.

ஒன்று, ஃபில்ட்டரின் கழுத்து பம்புக்குள் நுழையும் இடத்து சீல். சில ஆண்டுகளுக்கு முன் இதே போன்ற ஒரு வண்டிக்கு நான் புதிய பம்ப் போட்டேன், முள்ளின் நடுக்கம் போகவில்லை. ஆயில் தட்டை மறுபடியும் கழற்றி, ஃபில்ட்டரை இழுத்துவிட்டு அந்தத் துளைக்குள் விரலை விட்டுச் சுற்றினேன். ஒரு விளிம்பு தட்டுப்பட வேண்டிய இடத்தில் இரண்டு தட்டுப்பட்டன. பழைய சீலை எடுக்காமலே அதன்மேல் புதியதை அடித்திருந்தார்கள். ஃபில்ட்டர் முழுதாக உள்ளே போகாமல் நின்று, இடைவெளி வழியே காற்றை இழுத்திருக்கிறது. அந்தச் சிறிய வளையத்துக்காக வண்டிக்காரர் ஒரு பம்பின் விலையைக் கொடுத்திருந்தார். அன்றிலிருந்து விரல் விட்டுப் பார்க்காமல் நான் எந்தப் பம்பையும் குறை சொல்வதில்லை.

இரண்டு, அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் வால்வும், அதைத் தள்ளி அழுத்தத்தைக் கூட்டும் பூஸ்ட் வால்வும். இவை பம்பில் இருந்தாலும், ஃபில்ட்டரை எடுத்தால் கீழிருந்தே ஒரு பூட்டு வளையத்தைக் கழற்றி வெளியே எடுக்கலாம். பின்னால் சுருள்வில் அழுந்தியிருப்பதால் கட்டைவிரலால் தாங்கிக்கொண்டு கழற்றுங்கள். பூஸ்ட் வால்வின் உறை தேய்ந்தால் குளிர்ந்த, கெட்டியான ஆயிலில் தெரியாது. ஆயில் சூடேறி நீர்த்ததும் அந்த இடைவெளியில் ஒழுகிவிடும். 60, 42 என்ற உங்கள் எண்களுக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. நடுங்காத முள் என்றால் நான் முதலில் மாற்றுவது இதைத்தான்.

இவற்றுக்குப் பிறகும் முள் ஏறாவிட்டால் இறக்குங்கள். பம்பை வாங்கும் முன், பழையதைத் திறந்து அதன் ஸ்லைடையும் உட்பரப்பில் கீறல் இருக்கிறதா என்பதையும் உங்கள் கண் முன்னால் காட்டச் சொல்லுங்கள்.

எடுத்த அளவுகளையெல்லாம் ஆயில் வெப்பநிலையோடு ஒரு தாளில் எழுதி, புதுப்பித்துக் கொடுத்தவர்களிடம் கொடுங்கள். மூன்று மாதங்களுக்கு முன் செய்த வேலைக்கு உத்தரவாதம் இருக்கலாம். எண்ணைக் காட்டிப் பேசும் வாடிக்கையாளரிடம் வெறும் ஊகத்தைச் சொல்ல அவர்களும் தயங்குவார்கள். அதுவரை வண்டியில் பாரம் ஏற்றாதீர்கள், டிரெய்லர் இழுக்காதீர்கள். 42 பி.எஸ்.ஐ. பிடியில் மூன்றாவது கியரின் கிளட்ச் ஒவ்வொரு வழுக்கலிலும் கொஞ்சம் கருகிக்கொண்டிருக்கிறது.