'இகிரு' ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறது?

ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் 'இகிரு' (1952) படம் இழுவையாக இருக்கிறதே, ஏன் கொண்டாடுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். மெதுவான படம்தான். ஆனால் அந்த நிதானம் கதைக்குத் தேவை. கதாநாயகன் வாதனாபே 30 வருடமாக நகராட்சி அலுவலகத்தில் முத்திரை குத்தியே காலம் தள்ளியவர். வயிற்றில் புற்றுநோய் என்று தெரிந்த பிறகுதான், வாழ்ந்தோமா என்றே யோசிக்கிறார். குடியும் கேளிக்கையும் கைகொடுக்கவில்லை. அப்படிப்பட்டவர் சட்டென்று மாறினால் யார் நம்புவார்கள்?

மாற்றம் வரும் இடத்தைக் கவனியுங்கள். அதே அலுவலகத்தை விட்டுப் பொம்மைத் தொழிற்சாலைக்குப் போன இளம்பெண், தான் செய்த முயல் பொம்மையை மேசைமேல் ஓடவிடுகிறாள். இதைச் செய்யும்போது எல்லாக் குழந்தைகளோடும் பழகுவதுபோல் இருக்கிறது என்கிறாள். அவர் முயலை எடுத்துக்கொண்டு படியிறங்கி ஓடுகிறார். எதிரே யாரோ ஒரு பெண்ணுக்காகப் பிறந்தநாள் பாட்டு, அவருக்கே பாடுவதுபோலக் கேட்கிறது. ஒவ்வொரு முறையும் நான் உடைந்துபோவது இங்கேதான்.

அப்புறம், படம் முடிய வெகுநேரம் இருக்கும்போதே அவர் இறந்துவிடுகிறார். சக ஊழியர்கள் துக்கவீட்டில் குடித்தபடி, அவர் போராடி அமைத்த குழந்தைகள் பூங்காவின் பெருமை யாருக்கு என்று வாதாடுகிறார்கள். இந்தப் பகுதி வெறும் உருக்கம் இல்லை, கோபம். அதைத் தாண்டித்தான், பழைய நினைவாக, பனியில் ஊஞ்சலாடியபடி அவர் பாடும் காட்சி வருகிறது. அதுவரை பொறுமையாகப் பாருங்கள்.