தையல் இப்போதுதான் பழகுகிறேன், வீட்டுக்கு வேண்டிய கிச்சன் டவலை நானே தைத்துக்கொள்ள முடியுமா? எந்தத் துணி, என்ன அளவு, ஓரம் எப்படி அடிப்பது?

தாராளமாக முடியும். நேர்க்கோட்டில் மெஷினை ஓட்டத் தெரிந்தால் போதும். வளைவு கிடையாது, கழுத்து வெட்டு கிடையாது, அரை இன்ச் கூடக்குறைய வந்தாலும் தட்டும் தம்ளரும் வந்து பிடிக்கவில்லை என்று சொல்லப்போவதில்லை. ஆனால் நீங்கள் கேட்ட மூன்றில் முதல் கேள்விக்குத்தான் நான் நிறையச் சொல்லவேண்டியிருக்கிறது. தையல் சுமாராக இருந்தாலும் துணி நல்லதாக இருந்தால் அது டவல்தான். தையல் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் துணி தப்பாகிவிட்டால் அது வெறும் அலங்காரம். நான்கு டவலைப் பாழாக்கித்தான் எனக்கு இது புரிந்தது.

மெஷின் வாங்கிய புதிதில் பூப்போட்ட துணி ஒன்றைப் பார்த்து மயங்கிவிட்டேன். தொட்டால் வழுவழு என்று இருந்தது, பார்க்க நல்ல மினுமினுப்பு. நான்காக வெட்டி, அடியில் லேஸ் வைத்து, ஒரு முறைகூட நனைக்காமல் தைத்து அடுக்கி வைத்தேன். வீட்டுக்கு வந்த அக்கா அதில் ஒன்றை எடுத்து ஈரத் தட்டைத் துடைத்தாள். தட்டின் இந்தப் பக்கம் இருந்த தண்ணீர் அந்தப் பக்கம் போனது, அவ்வளவுதான். "ஏய், இது துணியா, பிளாஸ்டிக் கவரா?" என்றாள். முதல் சலவையில் இன்னொரு கூத்து. துணி கொஞ்சம் சுருங்கியது, லேஸ் துளியும் சுருங்கவில்லை. ஓரம் முழுக்க அப்பளம் பொரிந்தமாதிரி நெளிந்து நின்றது.

நடந்தது இதுதான். அந்தத் துணியில் பாலியஸ்டர் கலந்திருந்தது. பருத்தி இழைக்குத் தண்ணீர் என்றால் ஒட்டுதல். சாதாரணக் காற்றில் சும்மா கிடக்கும்போதே தன் எடையில் ஏறக்குறைய 8 சதவீதம் ஈரத்தை உள்ளே வைத்திருக்கும். பாலியஸ்டரிடம் அரை சதவீதம்கூட இருக்காது. பருத்திக்கு இன்னொரு நல்ல குணம், நனைந்தால் அதன் பலம் கூடும். நாள் முழுக்க நனைத்துப் பிழியப்போகிற ஒரு துணிக்கு வேறென்ன வேண்டும்? லினனும் அப்படித்தான், பருத்தியைவிட ஒரு படி மேலே என்றே சொல்லலாம். பஞ்சு பஞ்சாகப் பிசிறு விடாது, அதனால் கண்ணாடி தம்ளர் துடைக்க அதுதான் உசத்தி. கசங்குவதுதான் அதன் தொல்லை.

கையில் இருப்பது சுத்தமான பருத்தியா என்று சந்தேகம் வந்தால் ஓரத்திலிருந்து நான்கு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தொட்டிக்கு மேல் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி, காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து, தொட்டால் உதிர்கிற சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும். கலப்புத் துணியில் இரண்டும் தெரியும். நீளவாக்கில் போகிற பாவு நூல், குறுக்கே போகிற ஊடை நூல் இரண்டிலிருந்தும் தனித்தனியாக எடுத்துப் பாருங்கள். ஒன்று பருத்தி, மற்றது வேறு என்று நெய்த துணிகளும் உண்டு.

சுத்தமான பருத்தியே வாங்கினாலும் புதுத் துணி தண்ணீரை உடனே இழுக்காது. தறியில் பாவு நூல் உராய்ந்து அறுந்துவிடாமல் இருக்கக் கஞ்சி ஏற்றியிருப்பார்கள். விற்பனைக்குப் போகும்முன் பளபளப்புக்காக மேலே இன்னும் ஏதாவது பூசியிருப்பார்கள். இவை போகிற வரையில் தண்ணீர் மேலேயே முத்து முத்தாக நிற்கும். அதனால் வெட்டுவதற்கு முன்னாலேயே, முழுத் துணியாக, துணி தாங்குகிற அளவு சூடான தண்ணீரில் சோப்புத்தூள் போட்டு இரண்டு முறை அலசிக் காயவையுங்கள். பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சொட்டு உடனே பரவி மறைந்தால் துணி தயார். நின்று யோசித்தால் இன்னொரு அலசு.

இப்படி முதலில் அலசுவதில் இன்னொரு காரியமும் முடிகிறது. சுருங்கவேண்டியது தைப்பதற்கு முன்னாலேயே சுருங்கிவிடும். சாதாரண நெசவுப் பருத்தி மூன்று முதல் ஐந்து சதவீதம் சுருங்கும், தளர்வாக நெய்தது இன்னும் அதிகம். நீளவாக்கில் சுருங்குகிற அளவு அகலவாக்கில் சுருங்காது. அலசாமல் தைத்தால் சதுரமாகத் தைத்தது எந்த வடிவில் வரும் என்று சொல்ல முடியாது.

நெசவில் எதை எடுப்பது? முதல் டவலுக்குக் கொஞ்சம் கனமான சாதா நெசவுதான் என் தேர்வு. சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிராம் எடையுள்ளது என்றால் சரியாக இருக்கும். கட்டம் கட்டமாகக் குழி விழுந்த வாஃபிள் நெசவு தண்ணீரை நன்றாக இழுக்கும், சீக்கிரம் காயும், பார்க்கவும் அழகு. ஆனால் பயங்கரமாகச் சுருங்கும், வெட்டிய இடத்திலெல்லாம் நூல் உதிரும், மெஷினில் போட்டால் இழுபட்டு நீளும். அதை இரண்டாவது சுற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். குளிக்கிற டவல் மாதிரி வளையம் வளையமாக நூல் நிற்கிற டெர்ரி, கை துடைக்க நல்லது. தம்ளரில் பஞ்சு ஒட்டும். மடித்து அடிக்கும்போது மூலையில் ஊசி நகராது.

பழைய பருத்தி பெட்ஷீட் இருந்தால் அதைவிட நல்ல தொடக்கம் இல்லை. பல வருஷம் துவைத்ததில் கஞ்சியும் பூச்சும் எப்போதோ போயிருக்கும், சுருங்குவதும் முடிந்திருக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து, படுத்துப் படுத்து நைந்த நடுப்பகுதியை விட்டுவிட்டு ஓரங்களிலிருந்து வெட்டுங்கள். மெலிசாக இருக்கிறதே என்று இரண்டு அடுக்காகச் சேர்த்துத் தைக்கத் தோன்றும். வேண்டாம். உள்ளே ஈரம் தங்கி இரண்டு நாளில் நாற்றம் வரும்.

அளவைப் பொறுத்தவரை, தைத்து முடித்தபின் 45-க்கு 70 சென்டிமீட்டர் என்பது கைக்கு அடக்கமானது. ஒவ்வொரு ஓரத்துக்கும் 2 சென்டிமீட்டர் மடிப்புக்கு விடவேண்டும், ஆக நீளத்திலும் அகலத்திலும் நாலு நாலு கூட்டிக்கொள்ளுங்கள். 44 இன்ச் பன்னா (அதாவது அகலம்) உள்ள துணியில் ஒன்றரை மீட்டர் எடுத்தால், அலசிச் சுருங்கிய பிறகு நீளத்தில் இரண்டு, அகலத்தில் இரண்டு என்று நான்கு டவல் வரும். அளவு 70-க்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் குறையலாம், பரவாயில்லை. துணியின் இயல்பான கரை ஒரு பக்கத்தில் விழுகிறமாதிரி வெட்டினால் அந்தப் பக்கம் ஓரம் அடிக்கிற வேலை மிச்சம். அலசியதில் கரை மட்டும் இறுகிச் சுருக்கு விழுந்திருந்தால் அதை வெட்டி எறிந்துவிடுங்கள்.

வெட்டும்போது சாக்பீஸ் கோட்டைவிட நூலை நம்புங்கள். வெட்டவேண்டிய இடத்தில் கத்தரியால் சின்னதாக ஒரு வெட்டு கொடுத்து, குறுக்கே போகும் ஒரு நூலைப் பிடித்து மெல்ல உருவினால் துணி நெடுக ஒரு மெல்லிய கோடு தெரியும். அதன் மேலேயே வெட்டுங்கள். சாதா நெசவுத் துணியை அப்படியே கிழிக்கலாம், நூல் நேராகத்தான் கிழியும். நூலை விட்டுக் கோணலாக வெட்டிய துணி இஸ்திரி போட்டதும் நேராகத்தான் தெரியும். நாலாவது சலவையில்தான் முறுக்கிக்கொண்டு நிற்கும்.

இனி ஓரம். ஒரு சென்டிமீட்டர் மடித்து இஸ்திரி, அந்த மடிப்பையே இன்னொரு சென்டிமீட்டர் மடித்து மறுபடி இஸ்திரி. பிசிறு முழுக்க உள்ளே போய்விடும், பிசிறைச் சுற்றித் தைக்கிற ஓவர்லாக் மெஷின் தேவையே இல்லை. இந்த இஸ்திரியில் சோம்பல்படாதீர்கள். பத்து குண்டூசி செய்யாத வேலையை ஒரு சூடான இஸ்திரிப்பெட்டி செய்யும். ஊசி 14-ம் நம்பர், துணி கனமானால் 16. தையல் நீளம் இரண்டரை முதல் மூன்று மில்லிமீட்டர். உள்மடிப்பின் விளிம்பை ஒட்டியே தைத்துக்கொண்டு போங்கள்.

புதிதாகத் தைக்கிறவர்கள் மாட்டிக்கொள்கிற இடம் மூலைதான். எதிரெதிர் இரண்டு பக்கத்தையும் முதலில் அடித்துவிட்டு, பிறகு மற்ற இரண்டையும் மடித்தால் மூலையில் மூன்று மடங்கு மூன்று, ஒன்பது அடுக்குத் துணி. மெஷின் அதில் ஏறாமல் ஒரே இடத்தில் நின்று குத்தும், நூல் அடியில் சிக்குப் பந்தாகும். இதற்கு இரண்டு வழி உண்டு.

ஒன்று, சமாளிப்பு. தையலை மூலையில் தொடங்காமல் பக்கத்தின் நடுவில் தொடங்குங்கள். மேட்டில் ஏறும்போது, துணியை அழுத்திப் பிடிக்கிற மெஷின் பாதத்தின் பின்பகுதிக்கு அடியில் அதே கனத்துக்கு மடித்த துண்டுத்துணியைக் கொடுத்தால் பாதம் சாயாமல் சமமாக நிற்கும். மூலையில் நான்கைந்து தையலை மோட்டாரை நம்பாமல் சக்கரத்தைக் கையால் சுற்றியே போடுங்கள். ஊசி துணிக்குள் இறங்கியிருக்கும்போது பாதத்தைத் தூக்கித் துணியைத் திருப்ப வேண்டும். ஊசி மேலே இருக்கும்போது திருப்பினால் தையல் தாண்டிவிடும்.

இன்னொன்று, மூலையைச் சாய்வாக மடிப்பது. படிக்கச் சிக்கலாகத் தெரியும், காகிதத்தில் ஒரு தடவை செய்து பார்த்தால் பிடிபடும். நான்கு பக்கமும் ஒரு சென்டிமீட்டர், இரண்டு சென்டிமீட்டர் என்று இரண்டு மடிப்புக் கோடும் விழ இஸ்திரி போட்டுவிட்டு, எல்லாவற்றையும் பிரித்துவிடுங்கள். மூலையில் உள்பக்கக் கோடுகள் இரண்டும் ஒன்றையொன்று வெட்டும் புள்ளி தெரியும். அந்தப் புள்ளி வழியாக மூலை நுனியைச் சாய்வாக உள்ளே மடித்து அழுத்துங்கள். மடிப்புக்கு அரை சென்டிமீட்டர் வெளியே விட்டு நுனியை நறுக்கிவிடுங்கள். இப்போது பழைய கோடுகளின் மேலேயே ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு. இரண்டு பக்கமும் வந்து மூலையில் சாய்கோட்டில் கச்சிதமாகச் சந்திக்கும், கனமும் பாதியாகிவிடும். எனக்கு முதல் மூன்று மூலை கோணலாக வந்தது, நாலாவது வந்தது.

மெஷினே இல்லாதவரும் கையால் தைக்கலாம். சுற்றளவு இரண்டேகால் மீட்டருக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். ஊசியை மேலும் கீழுமாகக் குத்திக்கொண்டே போகிற ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டே, நான்கு விரல்கடைக்கு ஒருமுறை ஊசியைப் பின்னால் கொண்டுவந்து குத்துகிற ஒரு கெட்டித்தையல் போட்டால், ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் ஓரம் முழுக்கப் பிரிந்து வராது.

மாட்டுவதற்கு நாடா வைக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். வைக்கிறதானால் பத்து சென்டிமீட்டர் நாடாவை இரண்டாக மடித்து, அகலப் பக்கத்தின் நடுவில் இரண்டாவது மடிப்புக்குள் செருகித் தைத்து, அதன் மேல் இன்னும் இரண்டு தடவை ஓட்டுங்கள். நான் வைப்பதை விட்டுவிட்டேன். ஆணியில் மாட்டினால் டவல் கொத்தாகத் தொங்கி நடுவில் காயாது. கம்பியில் விரித்துப் போட்டால் சீக்கிரம் காய்கிறது.

காய்வது ஏன் முக்கியம் என்றால், மொரிஷியஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு மாதம் பயன்படுத்திய 100 சமையலறைத் துண்டுகளைச் சோதித்து 2018-இல் முடிவைச் சொன்னார்கள். 49 துண்டுகளில் பாக்டீரியா வளர்ந்திருந்தது. ஈரமாகவே கிடந்தவற்றிலும், கை துடைக்க, பாத்திரம் துடைக்க, மேடை துடைக்க என்று எல்லாவற்றுக்கும் ஒன்றையே பயன்படுத்தியவற்றிலும் ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா அதிகம். அதைப் படித்தபிறகு ஒன்றிரண்டு அழகான டவல் தைப்பதை விட்டு, ஒரே மாதிரி எட்டு, பத்து என்று தைக்க ஆரம்பித்தேன். வேலையைப் பிரிக்க ஓர நூலின் நிறம்தான் அடையாளம். சிவப்பு நூல் கைக்கு, நீலம் பாத்திரத்துக்கு, கறுப்பு மேடைக்கு. வீட்டில் யாரும் மாற்றி எடுப்பதில்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் மாற்றி எடுத்தால் கண்டுபிடிக்க முடிகிறது. சூடான பாத்திரம் இறக்க மட்டும் இவற்றை எடுக்காதீர்கள், அதற்குக் கரித்துணி தனியாக இருக்கட்டும். டவல் ஈரமாக இருந்தால் சூடு சட்டென்று கைக்கு ஏறிவிடும்.

துவைக்கும்போது வாசனைக்காக ஊற்றுகிற ஃபேப்ரிக் சாஃப்ட்னர் மட்டும் வேண்டாம். அது இழையின் மேல் வழுவழுப்பாகப் படிந்து, நீங்கள் கஷ்டப்பட்டு அலசி எடுத்த பூச்சை மறுபடி ஏற்றிவைத்தமாதிரி ஆகிவிடும். நிறம் போகாத பருத்தியானால் அவ்வப்போது 60 டிகிரி சுடுதண்ணீரில் துவைத்து வெயிலில் போடுங்கள்.

லேஸ் வைத்த அந்த நான்கில் ஒன்று இப்போது தையல் மெஷினுக்குத் தூசி படாமல் போர்வை. மற்ற மூன்றையும் அக்கா எடுத்துக்கொண்டு போனாள், எதற்கு என்று நான் கேட்கவில்லை.