ஒரு பீரியடுக்கு எவ்வளவு சொட்டும்?

தண்ணீர்ப் பாடம் பற்றி ஆசிரியர்களும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளில் சில.

உலகத் தண்ணீர் தினம் வந்தால் ஓவியப் போட்டி, வாசகப் போட்டி. ஏழாம் வகுப்புக்கு வேறு ஏதாவது சொல்லுங்களேன்.
– ஆசிரியை, விழுப்புரம்

போட்டி நடக்கட்டும். கூடவே ஒழுகுகிற குழாய் ஒன்றுக்கடியில் டம்ளர் வையுங்கள். பீரியட் முடிந்ததும் அளந்து பார்க்கட்டும். 40 நிமிடத்தில் 200 மி.லி. சேர்ந்தால், ஒரு நாளைக்கு அப்படி 36 பீரியட். 7 லிட்டருக்கு மேல், ஏறக்குறைய அரைக் குடம். கணக்கைப் பிள்ளைகள்தான் போட வேண்டும். வாஷர் மாற்றிய மறுநாள் திரும்பவும் டம்ளரை வைக்கச் சொல்லுங்கள்.

மழைக்காலத்தில் இன்னும் வசதி. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். 20 அடிக்கு 20 அடி வகுப்பறையின் மாடி சுமார் 37 சதுர மீட்டர். 10 மி.மீ. பெய்தால் 370 லிட்டர். சிந்தியது, ஆவியானது போக 20 குடம் தேறும். அது எங்கே போகிறது? தமிழ்நாட்டில் 2003-லேயே மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். மாடியிலிருந்து இறங்கும் குழாய் எங்கே போய் முடிகிறது என்று பிள்ளைகளைத் தேட விடுங்கள். நான் போன ஒரு பள்ளியில் அது சைக்கிள் ஸ்டாண்டின் சிமென்ட் தரைக்குள் போய் முடிந்திருந்தது! கண்டுபிடித்தது எட்டாம் வகுப்புப் பையன்.

டிடிஎஸ் மீட்டரில் 50 காட்டினால் நல்ல தண்ணீர்தானே?
– பெற்றோர், சென்னை

டிடிஎஸ் என்பது நீரில் கரைந்த உப்புகளின் அளவு. 50 என்றால் உப்பு குறைவு, அவ்வளவுதான். கிருமி இருக்கிறதா என்று பேனா மாதிரி இருக்கும் அந்த மீட்டர் சொல்லாது. பிள்ளையிடமே செய்து காட்டுங்கள்: ஒரு டம்ளரில் சிட்டிகை உப்பு, இன்னொன்றில் ஒரு ஸ்பூன் சர்க்கரை. உப்பில் எண் எகிறும். சர்க்கரையில் பெரிதாக அசையாது. அது அளப்பது மின்சாரம் பாய்வதை. குடிநீரில் லிட்டருக்கு 500 மி.கி. வரை இந்தியத் தர நிர்ணயம் ஏற்கிறது. வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை.

என் வகுப்பில் பல பிள்ளைகளுக்குப் பல்லில் பழுப்புக் கறை. தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லலாமா?
– ஆசிரியர், பென்னாகரம் பக்கம்

ஃப்ளோரைடாக இருக்கலாம். அப்படியானால் காய்ச்சுவது உதவாது. தண்ணீர் வற்ற வற்ற ஃப்ளோரைடு செறிவு கூடத்தான் செய்யும். லிட்டருக்கு 1.5 மி.கி.க்கு மேல் போகக் கூடாது. நிறம், மணம் எதிலும் தெரியாது, பரிசோதித்தால்தான் உண்டு. குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்புங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரிக்கு 2013-ல் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். காவிரித் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும். போர் தண்ணீர் துவைக்க, கழுவ. இந்தப் பிரிவை வீட்டுக்குக் கொண்டுபோகப் பிள்ளைகளைவிட நல்ல ஆள் கிடையாது.

ஒன்று மட்டும்: பாடம் நடத்தும்போது எந்தப் பிள்ளையையும் எழுப்பிப் பல்லைக் காட்டச் சொல்லாதீர்கள். பல் முளைக்கும் முன்பே ஏறிய கறை அது, தேய்த்தால் போகாது. அது சோம்பலால் வந்ததில்லை என்று வகுப்பு முழுக்கத் தெரியட்டும்.

தேற்றான் கொட்டை கலங்கலைத் தெளிய வைக்கும் என்பது உண்மையா?
– மாணவி, சிவகங்கை

உண்மை. மண்பானையின் உள்பக்கம் கொட்டையை இழைத்துவிட்டுக் கலங்கல் நீரை ஊற்று. மண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கனத்து அடியில் படியும். இழைக்காத பானை ஒன்றையும் பக்கத்தில் வைத்தால்தான் வித்தியாசம் தெரியும். ஆனால் தெளிந்த நீர் எல்லாம் சுத்தமான நீர் இல்லை. குடிக்கக் காய்ச்சத்தான் வேண்டும். கொட்டையை நாட்டு மருந்துக் கடையில் பெரியவர்களை வைத்து வாங்கு. எட்டிக்கொட்டை இதன் இனம்தான், அது விஷம்.

எங்கள் ஊரில் நான்கு நாளுக்கு ஒருமுறைதான் குழாயில் வருகிறது. இவர்களிடம் போய்ச் சிக்கனம் பேச எனக்கே கூசுகிறது.
– ஆசிரியை, இராமநாதபுரம் மாவட்டம்

பேச வேண்டாம். ஒரு குடத்தைக் குளியலுக்கும் பிறகு செடிக்கும் ஓட்டும் வீட்டுப் பிள்ளைக்கு நாம் என்ன சிக்கனம் சொல்வது? ஒரு வாரம் நோட்டில் குறிக்கச் சொல்லுங்கள்: எத்தனை குடம், யார் சுமந்தது, எவ்வளவு நேரம். "யார்" என்ற கட்டத்தில் அம்மாவும் அக்காவுமே வந்துகொண்டிருப்பதைப் பையன்களும் பார்க்கட்டும். வீட்டுக்கு வீடு குழாய்த் தண்ணீர் தரும் ஜல் ஜீவன் திட்டத்தின் கணக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர், அதாவது 15 லிட்டர் குடத்தில் நான்குக்குக் கொஞ்சம் குறைவு. தங்கள் வீட்டுக்கு எவ்வளவு வந்தது என்று அதன் பக்கத்தில் எழுதட்டும். உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22-ல் கிராம சபை கூடும். பெற்றோர் கையில் அந்த நோட்டைக் கொடுத்தனுப்புங்கள்.