சித்திர வகுப்புக்குப் போகாமல், இணையப் பாடத்தை வைத்தே படம் கீறப் பழகலாமா?

35 வயதாகிறது, பள்ளியில் சித்திரப் பாடம் எடுக்கவில்லை, இனிப் பழகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் பழகலாம். நானும் பள்ளியில் சங்கீதம் எடுத்தவள், சித்திர அறைக்குள் கால் வைத்ததே இல்லை. திருகோணமலையில் வேலை முடிந்து வந்து, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ட்ராவபாக்ஸ் (Drawabox) என்ற இணையத்தளத்தின் பாடங்களைச் செய்துதான் பழகினேன். பாடங்கள் இலவசம். ஏ4 தாளும் 0.5 மில்லிமீற்றர் ஃபைன்லைனர் பேனையும் இருந்தால் தொடங்கலாம்.

பென்சில் வேண்டாம் என்கிறார்கள். அழிக்க முடியாது என்று தெரிந்தால்தான் கோடு விழமுன் யோசிப்போம். இரண்டு புள்ளி வைத்து, பேனை தாளில் படாமல் அந்தப் பாதையில் நாலைந்து தரம் கையை ஓட்டிப் பார்த்து, பிறகு தயங்காமல் ஒரே இழுப்பில் கீற வேண்டும். மணிக்கட்டால் இழுத்தால் நீளக் கோடு வில்லாக வளையும். தோள்மூட்டிலிருந்து கை முழுவதும் அசைய வேண்டும். எனக்கு முதல் கிழமை தோள் உளைந்தது. புள்ளியைத் தாண்டிப் போனாலும் பரவாயில்லை, கோடு நடுங்கக் கூடாது.

முதலாம் பாடம் முடிய 250 பெட்டி கீறச் சொல்வார்கள். நான் கைவிடப் பார்த்ததும் இங்கேதான், கண் திறந்ததும் இங்கேதான். ஒரு பெட்டிக்கு 12 விளிம்பு, நாலு நாலாக மூன்று கூட்டம். ஒவ்வொரு கூட்டத்திலும் உள்ள நாலு கோடும் தூரப் போகப் போக ஒன்றையொன்று நெருங்க வேண்டும். கீறி முடித்ததும் சிவப்புப் பேனையால் அந்தக் கோடுகளை நீட்டிப் பார்க்க வேண்டும். என் முதல் ஐம்பது, அறுபது பெட்டிகளில் பின்மூலைக் கோடு மட்டும் விலகி ஓடியது. பின்பக்கம் முன்பக்கத்தை விட அகலமாகிவிட்டது. வெறும் கண்ணுக்குச் சரியாகத் தெரிந்த பெட்டியைக்கூடச் சிவப்புக் கோடு காட்டிக்கொடுத்துவிடும். பக்கத்தில் வாத்தியார் இல்லாத எனக்கு அதுதான் வாத்தியார்.

150 பெட்டி தாண்டிய நேரம், மாமியைக் கன்னியா வெந்நீரூற்றுக்குக் கூட்டிப்போனேன். மாமி வாளியால் அள்ளி ஊற்ற, நான் அந்த ஏழு கிணறுகளின் கட்டுகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். இத்தனை வருடமும் சதுரமாக மட்டுமே தெரிந்த கிணற்றுக்கட்டில், அந்தப் பக்க விளிம்பு இந்தப் பக்க விளிம்பை விடக் குட்டை. இரண்டடி தள்ளி நின்றால் சாய்வு மாறுகிறது. “என்ன பிள்ளை, காசு விழுந்திட்டுதா?” என்று மாமி கேட்டா. அன்றிரவு கீறிய பெட்டிகளில் சிவப்புக் கோடுகள் ஒழுங்காக நெருங்கின.

ஒரு விடயத்தில் என்னைப் பின்பற்றாதீர்கள். கீறும் நேரத்தில் பாதி பயிற்சிக்கு, மறுபாதி ஆசைப்பட்டதைக் கீறுவதற்கு என்று அந்தப் பாடத்தில் ஒரு விதி இருக்கிறது. நான் அதை விட்டுவிட்டுப் பெட்டியே கீறினேன். சலித்துப்போய் இரண்டு மாதம் பேனையைத் தொடவில்லை. திரும்பத் தொட வைத்தவை திருகோணமலைக் கோட்டைக்குள் மர நிழலில் படுத்திருக்கும் புள்ளிமான்கள். இப்போது ஞாயிறு காலையில் கோணேசர் கோயிலுக்குப் போய் வரும் வழியில் கொப்பியோடு உட்கார்ந்துவிடுவேன். கை முதலில் புள்ளிக்குத்தான் ஓடும், அடக்க வேண்டும். முதலில் நெஞ்சுக்கு ஒரு முட்டை வடிவம், இடுப்புக்கு ஒரு முட்டை வடிவம், இடையில் தொய்யும் வயிறு. அதன் பிறகு புள்ளி வைத்தால், உடம்பு வளைந்து மறையும் ஓரத்தில் அவை நெருங்கிச் சப்பையாவது தெரியும். விலங்குகள் ஐந்தாம் பாடத்தில்தான் வருகின்றன. ஆசைக்குக் கீறுவதற்கு அந்த வரிசை தேவையில்லை.

எனக்கு 250 பெட்டியும் முடிய, அந்த இடைவெளியோடு சேர்த்து, ஐந்து மாதம் எடுத்தது. நாளுக்கு ஐந்து பெட்டி போதும், கை களைத்தால் பழைய பிழைதான் திரும்ப வரும். எங்காவது சிக்கினால் தாளைப் படமெடுத்துக் கீழே பின்னூட்டத்தில் போடுங்கள், சிவப்புக் கோடுகளோடு. பார்த்துச் சொல்கிறேன்.