ஒன்பது வயதுக் குழந்தைக்குப் பேய், கொலை இல்லாத, ஆனால் கீழே வைக்க முடியாத சாகச நாவல் ஏதாவது சொல்லுங்களேன்?

என் மகளுக்கு அந்த வயதில் நான் வாசித்துக் காட்டியது, ஜெர்ட்ரூட் சாண்ட்லர் வார்னர் எழுதிய 'தி பாக்ஸ்கார் சில்ட்ரன்'. கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக் கொடுங்கள்.

அமெரிக்காவில் நடக்கும் கதை. அப்பா அம்மாவை இழந்த நாலு பேர்: ஹென்றி, ஜெஸ்ஸி, வயலட், கடைக்குட்டி பென்னி. ஒரு ரொட்டிக்கடையில் இரவு தங்குகிறார்கள். பெரியவர்களை வேலைக்கு வைத்துக்கொண்டு, பென்னியை மட்டும் குழந்தைகள் விடுதிக்கு அனுப்பிவிடலாம் என்று கடைக்காரரின் மனைவி பேசுவது காதில் விழுகிறது. அவ்வளவுதான், தூங்கும் தம்பியைத் தூக்கிக்கொண்டு இருட்டில் கிளம்பிவிடுகிறார்கள். அவர்களைப் பார்க்கவே வராத தாத்தா ஒருவரும் இருக்கிறார். அவர் கையில் சிக்கினால் என்ன ஆகுமோ என்ற பயம் வேறு.

இந்த நாவலின் விறுவிறுப்பு முழுக்க இந்த ஒரு பயத்தில்தான் இருக்கிறது: நம்மைப் பிரித்துவிடுவார்களோ? வில்லன் யாரும் தேவைப்படவில்லை. பகலில் வைக்கோல் போரில் படுத்துத் தூங்கி, இரவில் நடக்கிறார்கள். வண்டிச் சத்தம் கேட்டால் மூச்சை அடக்கிக்கொண்டு ஒளிகிறார்கள். குழந்தைக்குப் பூதத்தைவிட இந்தப் பயம் நன்றாகப் புரியும்.

அப்புறம் மழையில் ஓடும்போது, காட்டுக்குள் யாரும் பயன்படுத்தாத பழைய கூட்ஸ் ரயில் பெட்டி (அதுதான் 'பாக்ஸ்கார்') ஒன்று கண்ணில் படுகிறது. அதுதான் வீடு. என் மகளுக்கு மிகவும் பிடித்தது இந்த இடம்தான். பைன் இலைச் சருகுதான் படுக்கை. ஓடையில் விழும் சின்ன அருவிக்குப் பின்னால், பாறைப் பொந்தில் பால் பாட்டிலை வைத்தால் அது குளிர்சாதனப் பெட்டி. குப்பைமேட்டில் பொறுக்கிய தட்டும் கரண்டியும் தேய்த்துக் கழுவியதும் பளபளக்கின்றன. பென்னிக்குக் கிடைப்பது ஒரு விரிசல் விட்ட ரோஸ் நிறக் கோப்பை. ஹென்றி ஊருக்குள் போய் ஒரு டாக்டர் வீட்டில் புல் வெட்டுகிறான். அங்கே தோட்டத்தில் களைந்து போட்ட குட்டிக் காய்கறிகளைக் கொண்டுவந்தால், ஜெஸ்ஸி குழம்பு வைத்துவிடுகிறாள். சாகசம் என்றால் வாள் சண்டைதான் என்று நினைத்திருந்தேன். ஒரு வேளைச் சாப்பாடு எப்படித் தேறப்போகிறது என்பதை இவ்வளவு ஆவலாகப் படிக்க வைத்த புத்தகம் எனக்கு வேறு இல்லை.

வார்னர் கனெக்டிகட் மாநிலத்தில் புட்னம் என்ற ஊர்க்காரர். வீட்டுக்கு எதிரிலேயே ரயில் நிலையம். 1918 முதல் 32 வருடம் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை. நாவல் முதலில் 1924இல் வந்தது. படிக்கச் சிரமப்படும் பிள்ளைகளுக்காக, சுமார் 600 வெவ்வேறு சொற்களை மட்டுமே பயன்படுத்தி எளிமையாக்கித் திரும்ப எழுதி 1942இல் வெளியிட்டார். நீங்கள் வாங்க வேண்டியது அதைத்தான். தமிழ்வழியில் படிக்கும் குழந்தைகூட முதல் ஆங்கில நாவலாக இதைத் தொடலாம். வாக்கியங்கள் அவ்வளவு குட்டி. பெரியவர்கள் கண்காணிப்பே இல்லாமல் பிள்ளைகள் இவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்களே என்று அந்தக் காலத்து நூலகர்கள் சிலர் ஆட்சேபித்தார்களாம். குழந்தைகளுக்குப் பிடிப்பதே அதனால்தான் என்றார் வார்னர். நானும் அவர் பக்கம்தான்.

ஒரு குறை: முடிவு கொஞ்சம் சுலபமாகக் கூடிவருகிறது. பெரியவர்களுக்குத்தான் அது உறுத்தும். தாத்தா எப்படிப்பட்டவர் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள்.

தினம் ஒரு அத்தியாயம் போதும் என்றுதான் நாங்களும் ஆரம்பித்தோம். நடுராத்திரியில் வெளியே சுள்ளி ஒடியும் சத்தம் கேட்டு, அந்தப் பிள்ளைகளோடு சேர்ந்துகொண்ட நாய் உறுமும் கட்டம் வந்த அன்று, மகள் எழுந்து போய் வாசல் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள். "அம்மா, இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்றாள். வாசித்தேன்.